ஆடாத பீடம்

புதுமனை புகுந்தோர், தம்மைக் காண வருவோரை அழைத்துச் சென்று வீட்டைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். விறாந்தையைக் காட்டுவர்; சுவாமி அறையைக் காட்டுவர்; குசினியையும் கிணற்றடியையும் காட்டுவர். மலசலகூடத்தின் கதவை மட்டும் பாதி திறந்து, ஒரு சொல்லிலே அதனை முடித்துக்கொண்டு அப்பால் நகர்ந்துவிடுவர். பேசக் கூச்சமான இடம் என்பதனால் அதன் குறைகளும் பேசப்படாமலே போய்விடுகின்றன. சுவரிலே வெடிப்பு விழுந்தால் அன்றைக்கே மேசனை அழைக்கும் வீட்டுக்காரர், மலசலகூடப் பீடம் ஆடுகின்றது என்றால், "பரவாயில்லை, சற்றே பார்த்து இருந்தால் போதும்" என்று சொல்லி ஆண்டுக்கணக்காக அதனைப் பொறுத்துக்கொள்கின்றார்.

பொறுத்துக்கொள்ளத் தக்க குறையா அது என்பதே இங்கு ஆராயப்பட வேண்டிய வினா. பேச்சு வழக்கிலே 'கொமட்' எனப்படும் பீங்கான் பீடம் ஆடுவது, கதிரையின் கால் ஒன்று குட்டையாயிருப்பது போன்ற சிறு தொல்லையன்று. கதிரைக்குக் கீழே தரை மாத்திரமே உண்டு. பீடத்துக்குக் கீழேயோ ஒரு கழிவுக்குழாயின் வாய் திறந்திருக்கின்றது. அந்த வாய்க்கும் வீட்டு மாந்தர் சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவே நிற்பது ஒரு மெல்லிய பொருத்து. பீடம் ஒவ்வொரு முறை ஆடும்போதும் அந்தப் பொருத்துச் சிறிது சிறிதாகப் பிரிகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள, முதலிலே பீடத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். லண்டன் மாநகரிலே கடிகாரத் தொழில் செய்த அலெக்சாந்தர் கம்மிங் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 1775ஆம் ஆண்டிலே மலசலகூடம் ஒன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றார். கழிவு செல்லும் குழாயை அவர் நேரே கீழிறங்க விடாது வளைத்து அமைத்தார். வளைவின் பள்ளத்திலே எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நிற்கும். கழிவு அந்த நீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகலாம். வெளியேயுள்ள தீய வாயு அந்த நீரைத் தாண்டி உள்ளே வர இயலாது. கதவும் இல்லை, பூட்டும் இல்லை. ஒரு கையளவு நீரே காவற்காரனாக நிற்கின்றது. இன்று உலகெங்கும் வழங்கும் பீடங்கள் யாவற்றிலும் இந்த நீரடைப்பே உயிர்நிலையாக விளங்குகின்றது.

ஆயினும், நீரடைப்பு ஒன்றே போதுமென்று நம்பியிருத்தல் ஆகாது. லண்டன் நகரத்து வரலாறே இதற்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே அந்நகரத்து வீடுகளிற் புதிய மலசலகூடங்கள் பெருகின. வீட்டுக்குள்ளே துப்புரவு வந்தது. ஆனால் கழிவு முழுவதும் தேம்ஸ் நதியைச் சென்று சேர்ந்தது. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே நதியின் துர்நாற்றம் தாங்கமாட்டாது, பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணக் கலவையிலே தோய்த்துத் தொங்கவிட நேர்ந்தது. அதன் பின்னரே யோசப் பசல்கெற் என்னும் பொறியியலாளரின் திட்டப்படி பெரும் கழிவுக்கால்வாய்கள் கட்டப்பெற்றன. பீடம் எவ்வளவு சிறந்ததாயினும், அது எதனோடு இணைக்கப்படுகின்றது, எவ்வாறு இணைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும் விளைகின்றன என்பது அன்று நகரம் முழுவதுக்கும் உணர்த்தப்பட்ட பாடமாகும்.

அண்மைக் காலத்திலும் இப்பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டிலே சார்ஸ் என்னும் சுவாச நோய் பரவியபோது, ஹொங்கொங் நகரத்தின் அமோய் கார்டன்ஸ் என்னும் மாடிக் குடியிருப்பிலே 300க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். குளியலறைத் தரைகளிலே இருந்த கழிவுநீர்த் துவாரங்களின் நீரடைப்புகள் வற்றிப்போயிருந்தமை, நோய் வீடு விட்டு வீடு பரவியதற்கான காரணங்களுள் ஒன்று என்று ஆராய்ந்தோர் கருதினர். ஒரு கையளவு நீர் இல்லாமற் போனமையால் விளைந்த கேடு அத்தகையது. பீடத்தின் உள்ளே நீர் நிறைந்திருந்தாலும், பீடத்துக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பொருத்து விலகியிருக்குமாயின், காவற்காரன் முன்வாசலிலே நிற்கப் பின்வாசல் திறந்துகிடந்த கதையாகவே முடியும்.

பொருத்து அமையும் விதம் நாட்டுக்கு நாடு வேறுபடும். இலங்கையிலே தரை பெரும்பாலும் சீமெந்துத் தரை. குந்தியிருக்கும் பீங்கான் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டுவிடுவதால் அது ஆடுவதற்கு இடமே இல்லை. உயர்ந்த பீடமாயின், அதன் அடிக்குழாய் கழிவுக்குழாயின் வாயிலே செருகப்பட்டு, றப்பர் வளையத்தினாலோ கலவையினாலோ அடைக்கப்படுகின்றது. வட அமெரிக்காவிலே முறை வேறு. அங்கே வீடுகளின் தரை பெரும்பாலும் மரச்சட்டங்களின் மேலே பலகை விரித்து அமைக்கப்படுவது. அந்நாட்டுக் குழாய்த் தொழிலாளர், கழிவுக்குழாயின் வாயிலே 'பிளாஞ்சு' எனப்படும் தட்டையான விளிம்பு வளையம் ஒன்றைப் பூட்டி, அதனைத் தரையோடு திருகாணிகளால் இறுக்குவர். அவ்வளையத்திலிருந்து இரண்டு போல்ட்டுகள் மேல்நோக்கி நிற்கும். அவற்றின் மேலே பீடத்தை இறக்கி, இரு மருங்கிலும் நட்டுப் பூட்டுவர். பீடத்துக்கும் வளையத்துக்கும் இடையிலே மெழுகு வளையம் ஒன்று நசுங்கி நின்று நீரையும் வாயுவையும் தடுக்கும்.

இலங்கையை விட்டுச் சென்று கனடாவிலே, சிறப்பாக ரொறன்ரோ நகரத்தை அண்டி வீடு வாங்கிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. யாழ்ப்பாணத்திலே சீமெந்துத் தரையிலே வளர்ந்தவர்க்கு இந்த விளிம்பு வளையம் புதியது. பழைய வீடொன்றை வாங்கிய ஒரு குடும்பத்தை உதாரணத்துக்காக மனத்திலே எண்ணிப் பார்க்கலாம். தரை விரிப்புப் பழையதென்று கருதி, அடுக்கடுக்காகக் கிடந்த பழைய விரிப்புகளை அகற்றிவிட்டு மெல்லிய புது விரிப்பு இடுகின்றார் வீட்டுக்காரர். அறை புதுப்பொலிவு பெறுகின்றது. ஆனால் தரை முன்னையிலும் தாழ்ந்துவிட்டது. விளிம்பு வளையமோ இருந்த உயரத்திலேயே நிற்கின்றது. பீடத்தைத் திருப்பி வைத்தபோது அது தரையைத் தொடவில்லை. வளையத்தின் மேலே ஏறி நின்று, முன்னும் பின்னும் ஆடுகின்றது.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறிழைக்கின்றனர். "நட்டு இறுக்கம் போதாது" என்று எண்ணி, சாவியை எடுத்து இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று முறுக்குகின்றனர். பீங்கான் இரும்பன்று, வளைந்து கொடுக்கும் இயல்பு அதற்கு இல்லை. நடுவிலே வளையம் தாங்க, விளிம்பு அந்தரத்திலே நிற்க, போல்ட்டுகள் கீழ்நோக்கி இழுத்தால் ஒரு கட்டத்திலே அது 'படார்' என்று வெடித்துவிடும். வெடிக்காது தப்பினாலும், சில நாளிலே ஆட்டம் மீண்டும் தலைகாட்டும். போல்ட்டுகளின் கடமை பீடத்தை அதன் இடத்திலே பிடித்துவைப்பது மாத்திரமே. பீடத்தின் பாரத்தையும் அதிலே அமர்பவரின் பாரத்தையும் தாங்க வேண்டியது தரை. எனவே, தரை தாங்காத பாரத்தை எந்த நட்டும் தாங்காது. இந்த ஒரு விதியை மனத்திற் பதித்துக்கொண்டால், ஏனைய வேலை யாவும் தாமே விளங்கும்.

முறையாக அமைந்த வளையம், முடிந்த தரையின் மேலே அமர்ந்து, அதன் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறையக் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீற்றர் அளவு உயர்ந்து நிற்கும். பீடத்தின் அடிப்புறம் சிறிது குழிவாகவே செய்யப்பட்டிருப்பதால் அவ்வளவு உயரத்துக்கு அங்கே இடமுண்டு. அதற்கு மேலே வளையம் உயருமாயின் அந்த இடம் போதாது. ஆகையால் முதலாவது வேலை அளந்து பார்த்தல். நேரான மட்டப்பலகை ஒன்றை வளையத்தின் குறுக்கே வைத்து, பலகைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நாற்புறமும் அளத்தல் வேண்டும். நாற்புறமும் ஒரே அளவாயின் வளையமே உயர்ந்தது. ஒருபுறம் கூடி மறுபுறம் குறைந்தால் தரையும் சரிந்திருக்கின்றது என்பது பெறப்படும். நோயறியாது மருந்து கொடுப்பது எங்ஙனம் தவறோ, அளக்காது ஆப்பு வைப்பதும் அங்ஙனமே தவறாகும்.

பீடத்தைக் கழற்றும் முன்னர், தண்ணீர் வரும் சிறு குழாயை அடைத்து, தொட்டியை ஒருமுறை வெறுமையாக்கி, எஞ்சிய நீரைக் கடற்பஞ்சினால் ஒற்றி எடுத்தல் வேண்டும். பீடத்தைத் தூக்கியதும் திறந்த குழாயின் வாயிலே பழந்துணி ஒன்றைத் திணிப்பது நன்று. துர்வாயு வெளிவராது, கைதவறி விழும் ஆணியோ நட்டோ குழாய்க்குள்ளே போய்விடாது. வேலை முடியும் வேளையிலே அத்துணியை மறவாது எடுத்துவிட வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும், மறந்தவர்கள் உண்டு. பழைய மெழுகு முழுவதையும் சுரண்டித் துடைத்து, வளையத்திலே வெடிப்போ துருவோ உண்டா என்று நோக்குதல் அடுத்த வேலை.

வளையம் உயர்ந்து நிற்கும் இடங்களிலே, அதற்கும் தரைக்கும் இடையிலும் வெற்றிடம் இருத்தல் கூடும். அவ்வாறாயின் வளையத்தைத் தரையோடு பிணைக்கும் திருகாணிகள் அந்தரத்திலே தொங்கும் வளையத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். அந்த வெற்றிடத்தை வளையத்தின் வட்டத்துக்கேற்ப வெட்டிய உறுதியான பிளாஸ்ரிக் தகட்டினாலோ அதுபோன்ற நனைந்தழியாத பொருளினாலோ நிரப்பி, பலகையின் உட்சென்று பிடிக்கத் தக்க நீண்ட, துருப்பிடியாத திருகாணிகளால் வளையத்தைப் பிணைத்தல் வேண்டும். வளையம் அசையுமாயின் அதன் மேலே நிற்கும் யாவும் அசையும்.

அடுத்ததாக, மெழுகு வளையம் இடாமலே பீடத்தை ஒருமுறை இறக்கிப் பார்த்தல் வேண்டும். இது ஒத்திகை போன்றது. நான்கு மூலைகளிலும் கையால் அழுத்தி, எந்தப் பக்கம் ஆடுகின்றது, இடைவெளி எங்கே எவ்வளவு என்று கண்டறிந்து, அங்கங்கே சிறு பிளாஸ்ரிக் ஆப்புகளைச் செருக வேண்டும். மர ஆப்பும் மடித்த கடதாசி மட்டையும் ஈரத்தை உறிஞ்சி நாளடைவிலே நசிந்துவிடும். அவற்றை நம்புதல் ஆகாது. ஆப்புகளை ஒரே இடத்திலே குவிக்காது சுற்றிலும் பரவலாக வைத்து, நீர்மட்டக் கருவியினாற் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் மட்டம் பார்த்து, பீடம் கல்லிலே வைத்தது போல நின்ற பின்னரே ஆப்புகளின் இடத்தைத் தரையிலே பென்சிலாற் குறித்துக்கொண்டு பீடத்தை மீண்டும் தூக்குதல் வேண்டும்.

இடைவெளி மிகச் சிறிதாயின் இந்த ஆப்புகளே போதும். இடைவெளி பெரிதாயின், ஆப்பின் மேல் ஆப்பு வைத்து உயர்த்துவது பொய்க்காலின் மேலே வீடு கட்டுவதற்கு ஒப்பாகும். அப்போது இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தரையை வளையத்தின் அளவுக்கு உயர்த்துதல். அதாவது, பீடம் நிற்கும் இடத்திலே தடித்த தரையோடு பதித்தோ கலவையால் மேடை அமைத்தோ முழு அடிப்பாகத்துக்கும் ஆதாரம் கொடுத்தல். மற்றொன்று, வளையத்தை அறுத்தகற்றி, குழாயைக் குட்டையாக்கி, புதிய வளையத்தைச் சரியான மட்டத்திலே பொருத்துதல். பிளாஸ்ரிக் குழாயாயின் இது பெருஞ்சிரமமன்று. பழைய வார்ப்பிரும்புக் குழாயாயின் அனுபவமுள்ள தொழிலாளரிடமே ஒப்படைப்பது அறிவுடைமை. இரண்டாம் வழி செலவு கூடியது. ஆயினும் மீண்டும் அந்தத் தரையைத் தோண்ட வேண்டிய தேவையைத் தவிர்ப்பது அதுவே.

இனி மெழுகு வளையம். வளையம் உயர்ந்து நிற்கும் இடத்துக்கு மெல்லிய மெழுகு வளையமே ஏற்றது. தடித்ததை இட்டால் மிகுதி மெழுகு குழாயின் வாய்க்குள்ளே பிதுங்கி அடைப்பை உண்டாக்கும். மெழுகு ஒருமுறைதான் தன் கடமையைச் செய்யும். பீடத்தை இறக்கி நசுக்கிய பின்னர், "சற்றே கோணிவிட்டது" என்று தூக்கித் திரும்ப வைத்தால், நசுங்கிய மெழுகு பழைய உருவுக்கு மீளாது. புதிய வளையம் இட்டே தீர வேண்டும். இக்காலத்திலே மெழுகுக்குப் பதிலாக றப்பர் வளையங்களும் கிடைக்கின்றன. அவை சற்றே அசைத்து அமைப்பதற்கு இடங்கொடுப்பன. எதனைப் பயன்படுத்தினும், இருவர் சேர்ந்து பீடத்தைப் போல்ட்டுகளுக்கு நேரே பிடித்து, சரியாமல் இறக்கி, உடற்பாரத்தைச் சமமாக ஊன்றி மெல்ல அமர்த்துதல் வேண்டும். பின்னர், ஒரு பக்கம் சிறிது, மறுபக்கம் சிறிது என்று மாறிமாறி நட்டுகளை இறுக்குதல் முறை. பீடம் அசையாது நின்றதும் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேலே முறுக்கும் ஒவ்வொரு சுற்றும் பீங்கானை வெடிப்புக்கு அண்மையிலே கொண்டுசெல்வதாகும்.

ஆப்புகளின் வெளிநீட்சியைக் கத்தியால் நறுக்கிவிட்டு, தண்ணீரை மீண்டும் திறந்து, பலமுறை நீர் பாய்ச்சி, அடிப்புறத்தைச் சுற்றி உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பார்த்தல் வேண்டும். கடதாசி நனையாவிடிற் பொருத்து நன்றெனக் கொள்ளலாம். அடியிலுள்ள இடைவெளியைச் சிலிக்கன் பசையினால் அடைப்பது தூய்மைக்கும் உறுதிக்கும் உதவும். தொழிலாளர் பலர் பின்புறத்திலே ஒரு சிறிது இடத்தை அடையாது விடுவர். பின்னொரு நாளிலே பொருத்துப் பிரிந்தால் நீர் அவ்வழியே வெளிப்பட்டுத் தன் குறையைத் தானே சொல்லிவிடும். முழுவதும் அடைத்துவிட்டால் நீர் வெளித்தோன்றாது பலகையிலேயே ஊறி, ஒரு நாள் கீழ்மாடிக் கூரையிலே கறையாகத் தோன்றும். அப்பொழுது பலகை உழுத்துப்போயிருக்கும்.

விளிம்பு வளையம் இலங்கை வீடுகளிலே அருகியே காணப்படுவதாயினும், இதே குறை வேறு வடிவிலே இங்கும் உண்டு. தரையோடு பதிக்கும் மேசன் கழிவுக்குழாயின் நுனியைத் தரைமட்டத்துக்கு அறுக்காது சற்றே உயர விட்டுவிடுவாராயின், பீடம் தரையிலே அமராது குழாயின் நுனியிலே அமரும். அப்போது அடியைச் சுற்றிக் கெட்டிச் சீமெந்தைப் பூசி ஆட்டத்தை மறைத்துவிடுவது சிலரது வழக்கம். சீமெந்து பூச்சு வெடிக்கும். அல்லது பீங்கான் வெடிக்கும். மரத்தரையில்லாத இடத்திலே கசியும் நீர் பலகையை உழுக்கச் செய்யாது. அது மண்ணுக்குள் இறங்கும். சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, மண்ணுக்குள் இறங்குவது கிணற்றுக்கும் வந்து சேரக் கூடும் என்பதை அங்குள்ளோர் நன்கறிவர். ஆகவே குழாயின் நுனியைச் சரியாக அறுப்பதற்குச் செலவாகும் கால் மணி நேரம், குடிநீரைக் காக்கும் கால் மணி நேரமாகும்.

இன்னொன்றும் நினைவிற் கொள்ளத் தக்கது. வீட்டிலே ஆடும் பீடத்தாற் பெரிதும் துன்புறுவோர் முதியோர். எழும்போது ஒரு கையைப் பீடத்தின் விளிம்பிலே ஊன்றியே அவர்கள் எழுவர். ஊன்றிய கைக்குக் கீழே பீடம் சரிந்தால், வழுக்கும் தரையிலே விழுந்து இடுப்பெலும்பு முறிதல் எளிது. ஊரிலிருந்து மகனிடம் சென்ற தாய், "தம்பி, உது ஆடுது" என்று ஒருமுறை சொல்லுவார். மறுமுறை சொல்லக் கூச்சப்பட்டு மௌனமாகிவிடுவார். பேசக் கூச்சமான இடத்துக் குறையாதலால், அதனைச் சொல்லாமலே கண்டறிந்து சீர்செய்வது வீட்டிலுள்ள இளையோர் கடன்.

இன்றிரவு படுக்கைக்குச் செல்லும் முன்னர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தம் வீட்டுப் பீடத்தின் இரு பக்கத்தையும் இரு கையாற் பற்றி மெல்ல அசைத்துப் பார்ப்பாராக. அசையாவிடில் அவ்வீட்டைக் கட்டிய மேசனுக்கும் குழாய்த் தொழிலாளருக்கும் மனத்துக்குள் ஒரு நன்றி சொல்லிவிட்டு உறங்கலாம். அசையுமாயின், சாவியைத் தேடி நட்டை முறுக்க முற்படாது, முதலிலே மட்டப்பலகையைத் தேடுவதே முறை.